சவுண்ட் பாக்ஸ் பேசாவிட்டால்…

ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர் இரவே ஊர் திரும்பிவிடுவார். வராத பணத்திற்குப் பிறகு அவரைத் தேட முடியாது. ஆகவே கவனம் தேவை.

சவுண்ட் பாக்ஸில் உள்ள மென்பொருள், சிம் கார்டு வழியாகச் சேவை நிறுவனத்தின் கணினியோடு எப்போதும் தொடர்பில் இருக்கும். பணம் வந்த செய்தி கிடைத்ததும் பேசும். சிக்னல் போனால் மௌனமாகிவிடும். அதனால் பணம் வரவில்லை என்று பொருளல்ல. வாடிக்கையாளர் செல்போனில் காட்டும் படமும் வரவுக்குச் சாட்சியல்ல. நம் கணக்கில் தொகையையும் 12 இலக்க யூ.பி.ஐ. எண்ணையும் சரிபார்த்தே சரக்கைக் கொடுப்போம்.

அவர் கணக்கில் கழிந்து நமக்கு வராத தொகை, 5 நாட்களுக்குள் அவருக்கே திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2019இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னால் சரக்கும் மிஞ்சும், உறவும் மிஞ்சும்.