4294967297 (எண்)

4294967297 (நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு) என்பது 2³² + 1 என எழுதத்தக்க ஓர் ஒற்றை எண் ஆகும். 2-ஐ 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்லும் அடுக்குகளுக்கு உயர்த்தி, 1 கூட்டக் கிடைப்பவை பெர்மா எண்கள் எனப்படும். அவற்றுள் முதல் ஐந்தும் (3, 5, 17, 257, 65537) பகா எண்கள். எல்லாமே அப்படித்தான் இருக்கும் எனப் பியர் டி பெர்மா 17-ஆம் நூற்றாண்டில் நம்பினார், ஆனால் நிறுவவில்லை. அடுத்து வரும் இந்த எண்ணே அந்நம்பிக்கையைப் பொய்யாக்கியது. 1732-இல் லியோனார்டு ஆய்லர் இதன் காரணிகளைக் கண்டார்:

4294967297 = 641 × 6700417

இவ்விரண்டும் பகா எண்கள். இதன் வர்க்கமூலம் வரை 6,500-க்கும் மேற்பட்ட பகா எண்கள் உள்ளன. எனினும் அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதன் பகாக் காரணி எதுவும் 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடங்குகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே காரணி கிடைத்துவிடுகிறது. இந்த வரம்புக்கு அடிப்படை பெர்மாவின் சிறிய தேற்றம்தான் என்பதால், அவரே இதைக் காணாதது வியப்புக்குரியது.

வகுத்துப் பார்க்காமலும் இதை நிறுவலாம். 641 = 5 × 2⁷ + 1 என்பதால், 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுக்க மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. மேலும் 641 = 5⁴ + 2⁴ என்பதால், 5⁴-க்குப் பதிலாக −2⁴ இடலாம். ஆகவே −2³² தரும் மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இவ்வெண்ணை இரு வழிகளில் எழுதலாம்: 65536² + 1² = 62264² + 20449². பகா எண் எதையும் ஒரு வழிக்கு மேல் இவ்வாறு எழுத முடியாது.

65537-க்கு மேற்பட்ட பெர்மா பகா எண் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை.