ஊர் திரும்பிய பிள்ளை



"சொந்த ஊருக்கே போகிறோம், பாஸ்டர்" என்று ஒரு குடும்பம் வந்து சொன்னால் நாம் என்ன கேட்கிறோம்? வீடு உண்டா, பிழைப்புக்கு வழி உண்டா என்று கேட்டு, ஜெபித்து அனுப்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். எங்கள் மும்பை சபையில் ஒரு தகப்பனார் 2020 ஊரடங்கில் வேலை இழந்தார். கடன் வந்தது, கடனைத் தொடர்ந்து வீட்டில் மனத்தாங்கல் வந்தது. 2022-இல் அவர் இங்கேயே தங்கிவிட, தாயார் மகனை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டார். தாதர் நிலையத்தில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டபோது, பதினான்கு வயது மகனின் தோளைத் தட்டி, "அம்மாவைப் பார்த்துக்கொள்" என்றேன். அவனை யார் பார்த்துக்கொள்வார் என்று நான் எண்ணவில்லை.

தாய்க்கு அது ஊர் திரும்புதல். மும்பையிலே பிறந்த பிள்ளைக்கோ அது அந்நிய தேசம். பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி படித்தவன். தமிழ் அவனுக்கு வாய்மொழி மட்டுமே. வீட்டில் அம்மாவை "நீ" என்று அழைத்த பழக்கத்தில் ஆசிரியரையும் "நீ" என்றான். வகுப்பு சிரித்தது, ஆசிரியர் திமிர் என்று எண்ணினார். அன்றே "வடக்கன்" என்ற பட்டப்பெயர் விழுந்தது.

அடுத்தது கையில் கட்டியிருந்த கயிறு. மும்பையில் கடையொன்றில் அழகுக்காக வாங்கியது. தென்மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்லும் என்று அவன் எப்படி அறிவான்? "ஏலே, நீ என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். "பம்பாய் ஆளு" என்றான் வெள்ளை மனதோடு. கேள்வியே அவனுக்கு விளங்கவில்லை. மறுநாள் கயிறு அறுக்கப்பட்டது. சைக்கிளில் காற்றைப் பிடுங்குவதும் பையை ஒளித்து வைப்பதும் தினசரி வாடிக்கையாயிற்று.

ஓராண்டு அவன் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி. சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும். இரவில் அழுகிற தாயிடம் இன்னொரு பாரத்தை எப்படி வைப்பான்? தன் பள்ளிக் கட்டணத்தால்தான் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள் என்றும் நினைத்திருந்தான். பெரியவர்கள் காரணம் சொல்லாத வீட்டில் பிள்ளைகள் தங்களையே காரணமாக்கிக்கொள்வார்கள். மாமாவோ, "ஆம்பளப் பிள்ளை, நாலு அடி பட்டால்தான் தேறுவான்" என்றார். அவரை நான் குறைகூற மாட்டேன். பிரசங்க பீடத்திலிருந்து நானும் அப்படிப் பேசியவன்தான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், துன்புறுத்தலைப் பற்றிப் பள்ளியில் சொன்ன ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையும் காயப்பட்டாள். அதன்பின் அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தார். அந்தச் செய்தி பரவிய வாரத்தில்தான் நம் பையன் எல்லாவற்றையும் சொன்னான். தாயார் நடுங்கிப்போய் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "புகார் செய்தால் இப்படித்தானே ஆகும், பாஸ்டர்?"

நியாயமான பயம். ஆகவேதான் புகாரைப் பிள்ளையின் தலையில் வைக்கலாகாது என்றேன். பெரியவர்கள் போகவேண்டும். நடந்ததைத் தேதியோடு எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கவேண்டும். வகுப்பின் நடுவே அவனை நிறுத்தி விசாரிக்க வேண்டாமென்று முதலிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும். மாமாவே உடன் போனார். பள்ளி அசையாவிட்டால் தமிழ்நாட்டில் 14417 என்ற கல்வி உதவி எண் உண்டு. ஆபத்தென்றால் இரவும் பகலும் 1098. மனம் சோர்ந்தவர்களுக்கு 14416. இவற்றை உங்கள் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

மும்பையில் இருந்த தகப்பனாரை நான் நேரில் போய்ப் பார்த்தேன். "பிரிந்தது உன்னால் அல்ல" என்ற ஒரு வாக்கியத்தை மகனிடம் சொல்ல அவருக்கு மூன்று நாள் பிடித்தது. சொன்னார்.

யோசேப்பு 17 வயதில் அந்நிய தேசத்துக்கு விற்கப்பட்டான். அங்கே அவன் மொழி கற்ற பாட்டைப் பற்றி வேதத்தில் ஒன்றுமில்லை. பிற்பாடு சொந்தச் சகோதரரோடு பேசுகையில் நடுவே துபாசி நின்றான் என்பதிலிருந்து நாம்தான் ஊகிக்கவேண்டும். நம் பையனுக்கு ஆச்சி கிடைத்தார். கண் மங்கிய ஆச்சிக்கு மாலைதோறும் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசித்தே தமிழ் கற்றான். வேதாகமத் தமிழில் பேசுகிறான் என்று வகுப்பில் புதிதாக ஒரு கேலி கிளம்பியதாம். அதற்கு அவனும் சேர்ந்து சிரித்தானாம்.

2024-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று அழைத்தான். "தமிழில் 52, பாஸ்டர்" என்றான். பிறகு, "அப்பாவிடம் முதலில் சொல்லிவிட்டேன்" என்றான்.