குருவுக்குள்ளே ஒரு பெயர்ச்சி

கிழக்கே வெள்ளி வந்தாயிற்று, வியாழன் அடங்கியாயிற்று என்று சொல்லித் தோழியை எழுப்புகிறாள் ஆண்டாள், திருப்பாவையின் 13-ஆம் பாசுரத்தில். ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழிதோறும் பாடப்படும் அந்த வியாழனுக்குள், எந்தப் பஞ்சாங்கத்திலும் ஏறாத ஒரு பெயர்ச்சி நடக்கிறது. நகர்வது அதன் காந்தப்புலம்.

ராஜபாளையத்தில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டால் வடக்கு நோக்கி நிற்கும். பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடி இந்தியா வழியே போவதால், ஊசி அவ்வளவாகத் தலைசாயாது. அதே ஊசி வியாழனில் தெற்கே திரும்பிவிடும். அங்கே காந்தத்தை உண்டாக்குவது பூமியைப் போல உருகிய இரும்பு அல்ல, ஹைட்ரஜன்! ஆழத்தின் பேரழுத்தத்தில் ஹைட்ரஜன் உலோகம்போல் மின்சாரம் கடத்துகிறது. பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும் கோளுக்குள் அந்தத் திரவம் கொதித்துப் புரள, காந்தம் பிறக்கிறது. மேகங்களின் மேற்பரப்பிலேயே அது பூமியின் காந்தத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்.

இந்தக் காந்தத்தை அருகே சென்று முதலில் அளந்தது பயனியர் 10 விண்கலம், 1973 டிசம்பரில். பிறகு வாயேஜர் விண்கலங்களும் போயின. 2016 ஜூலை முதல் ஜூனோ விண்கலம் வியாழனையே சுற்றிவருகிறது. பழைய அளவுகளையும் ஜூனோவின் அளவுகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், காந்தப்புலம் மாறியிருப்பதை 2019-இல் அறிவித்தார்கள். பூமியைத் தவிர வேறொரு கோளில் இப்படி ஒரு மாற்றம் ஐயமின்றிப் பிடிபட்டது அதுவே முதல் தடவை. நாற்பதாண்டுக்கு முந்தைய கணக்கை யாரும் தூக்கி எறியாததால் கிடைத்த பலன் இது என்பேன்.

மாற்றம் பளிச்சென்று தெரிந்த இடம், நடுக்கோட்டருகே காந்தம் செறிந்து கிடக்கும் ‘பெரிய நீலப் புள்ளி’. தொலைநோக்கியில் தேட வேண்டாம். நீலம் என்பது காந்த வரைபடத்தில் பூசிய நிறம்தான். வியாழனின் காற்றோட்டங்கள் மேகங்களுக்குக் கீழே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்குகின்றன. அவ்வளவு ஆழத்தில் ஹைட்ரஜன் மின்சாரம் கடத்தத் தொடங்கிவிடுகிறது. கடத்தும் பொருள் ஓடினால் காந்தக் கோடுகளும் கூடவே இழுபடும், நூற்பாலை உருளைகளில் பஞ்சிழை இழுபடுவதுபோல. மேலே சூறாவளியாக வீசும் காற்று, அந்த ஆழத்தில் நொடிக்குச் சில சென்டிமீட்டர் ஊர்கிறது. அதற்கே புள்ளி கிழக்கே நகர்கிறது. இதே வேகத்தில் போனால் கோளை ஒருமுறை சுற்றிவர அதற்குச் சுமார் 350 ஆண்டுகள் ஆகும்.

பூமியின் காந்தமும் சும்மா இருப்பதில்லை. அதை அளக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றை இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் நடத்திவருகிறது.