விளக்கு சொன்னது பாதி உண்மை

தொட்டியின் குழாயை மூடிவிட்டீர்கள்; ஆயினும் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. எங்கோ ஒழுகுகிறது என்று உடனே சொல்லிவிடுவீர்கள் அல்லவா? அதற்கு எண்கள் தேவையில்லை. கூடுகிறதா, குறைகிறதா, மாறாதிருக்கிறதா என்று அறிந்தாலே போதும். ஆலைகளின் இயக்கத்தை இவ்வாறு ஆராய்வதே பண்புசார் மாதிரி முறை. ஒவ்வொரு கருவியின் பணி என்ன, அது நிறைவேறினால் எது கூடும், எது குறையும் என்று இதில் வகுத்துக்கொள்வர். எதிர்பார்த்த விளைவு தோன்றாவிடில், பழுது இருக்கிறது என்று பொருள்.

இதன் அருமையை ஒரு விபத்து உணர்த்துகிறது. 1979 மார்ச் 28 அன்று, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு மீண்டும் மூடவில்லை. மூடுவதற்கான கட்டளை சென்றதை மட்டுமே கட்டுப்பாட்டு அறை விளக்கு காட்டியது. வால்வு மூடிவிட்டதாகவே பணியாளர்கள் நம்பினர். அழுத்தம் குறைந்தது, ஆனால் வால்வுக்குக் கீழேயுள்ள கலத்தில் நீர்மட்டம் உயர்ந்தது. நீர் மிகுந்துவிட்டதெனக் கருதி, உலைக்குச் செல்லும் அவசர நீரைக் குறைத்தனர். உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

வால்வு மூடியிருந்தால் அழுத்தம் ஏன் குறைந்துகொண்டே போகவேண்டும்? இந்த எளிய கேள்வியே பழுதைக் காட்டியிருக்கும். பின்னர், வால்வின் உண்மை நிலையையே காட்டும் கருவி வேண்டுமென அங்கு விதிக்கப்பட்டது. கட்டளை வேறு, செயல் வேறு!