கரையில் நிற்பவர் கடமை

2023-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 5-ந் தேதி சென்னையை அடுத்த மூவரசம்பட்டில் கோயில் குளத்தில் தீர்த்தவாரி உற்சவம் நடைபெற்றது. ஸ்வாமிக்கு நீராட்டு நடத்தும்பொருட்டு ஜலத்தில் இறங்கியிருந்த இளைஞர்களுள் ஒருவர் ஆழத்தில் அகப்பட்டுக்கொண்டார். அவரைத் தூக்கச் சென்றவரும் அகப்பட்டுக்கொண்டார். அவரைத் தூக்கச் சென்றவர்களும் அவ்வாறே ஆயினர். உற்சவத்துக்கு வந்த ஜனங்கள் கரையில் இருக்கும்போதே ஐந்து பேர் மாண்டனர். அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பு, பிப்ரவரி 15-ந் தேதி, கால்பந்துப் பந்தயத்துக்காக வந்திருந்த புதுக்கோட்டை ஜில்லாப் பள்ளிச் சிறுமிகள் நால்வர் மாயனூரில் காவேரிக்குப் பலியானார்கள். அங்கும் ஒருத்தி மூழ்க, மற்றவர்கள் அவளைக் காப்பாற்ற முயன்றதாகவே செய்தி. 2022-ஆம் வருஷம் ஜூன் 5-ந் தேதி கடலூர் ஜில்லாவில் கெடில நதியில் ஏழு பெண்கள் இறந்ததும் இம்மாதிரியே.

இம்மூன்று விபத்துக்களையும் பத்திரிகைகள் 'எதிர்பாராத துயரம்' என்று வர்ணித்தன. துயரம் என்பதில் ஐயமில்லை. எதிர்பாராதது என்பதைத்தான் நாம் ஒப்புக்கொள்ளோம். தண்ணீரில் தத்தளிப்பவனைக் காப்பாற்ற, பழக்கமில்லாதவன் வெறுங்கையுடன் குதித்தால் இருவரும் மூழ்குவது உலகெங்கும் நிகழ்ந்துவரும் சாதாரண சம்பவம். இந்தியாவில் வருஷந்தோறும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாக ஸர்க்கார் வெளியிடும் குற்றப் பதிவேட்டு அறிக்கைகளே கூறுகின்றன. இவர்களுள் எத்தனை பேர் பிறரைக் காக்கச் சென்று இறந்தவர்கள் என்பதற்கு அவ்வறிக்கைகளில் தனிப் பத்தி கிடையாது. இரக்கத்தால் இறந்தவனும் கால் வழுக்கி விழுந்தவனும் ஒரே கட்டத்தில் அடைக்கப்படுகிறார்கள்.

மூழ்குதல் என்றால் என்ன என்பதையே நம்மவரில் பெரும்பாலோர் தவறாக அறிந்திருக்கிறார்கள். நாடகங்களிலும் சினிமாக்களிலும் மூழ்குபவன் கையை உயர்த்தி ஆட்டுகிறான். 'ஐயோ, காப்பாற்றுங்கள்' என்று கூவுகிறான். உண்மையில் நடப்பது வேறு. நியூயார்க்கு நகரத்துக் கடற்கரையில் உயிர்காப்பாளராக நெடுங்காலம் பணியாற்றிய பிராங்க் பியா என்பவர் இதைக் கூர்ந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மூழ்கும் மனிதனுடைய வாய் நீர்மட்டத்துக்கு மேலே வருவதும் கீழே போவதுமாக இருக்கும். மேலே வரும் கணத்தில் மூச்சு வாங்கவே அவகாசம் போதாதாகையால், அவனால் கூவ இயலாது. கைகளோ தாமாகவே பக்கவாட்டில் நீரை அழுத்தும். அவற்றை உயர்த்தி ஆட்ட அவனுடைய இச்சைக்கு அதிகாரமில்லை. உடல் செங்குத்தாக நிற்கும், கால்கள் உதவா. இந்நிலை 20 முதல் 60 விநாடி வரையில்தான் நீடிக்கும். பிறகு ஜலத்துக்குள் மறைந்துவிடுவான். பத்து முழ தூரத்தில் குளித்துக்கொண்டிருக்கும் தகப்பனுக்கும் தெரியாமல் மகன் போய்விடுவது இதனால்தான்.

இந்நிலையிலிருப்பவன் அருகில் நாம் சென்றால் என்ன ஆகும்? அவன் நம்மை நண்பன் என்றும் அறியான், சகோதரன் என்றும் அறியான். மிதக்கும் பொருள் ஒன்று கைக்கு எட்டியது என்பதே அவனுக்குத் தெரியும். நம் தலைமீதும் தோள்மீதும் ஏறி மூச்சு வாங்கப் பார்ப்பான். அவன் பலசாலியாக இருக்கவேண்டியதில்லை. பத்து வயதுப் பையனே போதும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூட இப்பிடியிலிருந்து தப்புவது கஷ்டம்.

பெஸன்ட் நகர்க் கடற்கரையில் வெண்ணிறத்தில் ஒரு மண்டபம் நிற்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். 1930-ஆம் வருஷம் டிஸம்பர் 30-ந் தேதி அவ்விடத்தருகே அலையில் சிக்கியவர்களைக் காப்பாற்றச் சென்று உயிர் நீத்த ஷ்மிட் என்ற டென்மார்க்கு தேசத்தவரின் ஞாபகார்த்தமாக அது எழுப்பப்பட்டது. மாலையில் காற்று வாங்கச் செல்வோர் அதன் நிழலில் அமர்கிறார்கள். சுண்டல் விற்பனையும் நடக்கிறது. யாருக்காகக் கட்டியது என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர் சிலரே. அம்மனிதருடைய தீரத்தை நாம் மனமார வணங்குகிறோம். ஆனால் மண்டபம் ஒருவரைக் கரைக்கு இழுக்காது. அவ்வேலையைச் செய்ய வல்லது கயிறு.

இதற்கு அத்தாட்சி வேண்டுவோர் ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரத்தைப் பார்க்கலாம். அங்கே பாண்டை என்ற கடற்கரையில் 1938-ஆம் வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி பேரலைகள் எழுந்து, மணல் திட்டில் நின்று குளித்துக்கொண்டிருந்த இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கடலுக்குள் வாரிச் சென்றன. இறந்தவர் ஐவர். மற்றவர் அனைவரும் கரை சேர்க்கப்பட்டார்கள். இது தெய்வாதீனமாக நிகழ்ந்ததன்று. அக்கடற்கரைகளில் 1907 முதலே உயிர்காப்புச் சங்கங்கள் அமைந்திருந்தன. இடுப்பில் பட்டை கட்டியவன் நீந்திச் செல்வான். பட்டையில் பூட்டிய கயிறு கரையிலுள்ள ராட்டினத்திலிருந்து பிரிந்து செல்லும். அவன் ஆளைப் பிடித்ததும் கரையிலிருப்போர் இருவரையும் சேர்த்து இழுப்பார்கள். அன்றைய தினம் அச்சங்கத்தைச் சேர்ந்த பலர் கரையில் இருந்தார்கள். மூவரசம்பட்டில் ஒருவர் பின் ஒருவராகச் சென்ற ஐவரும் இவர்களைக் காட்டிலும் தைரியத்தில் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் இடுப்பில் கயிறு இல்லை.

கயிறு இல்லாத இடத்தில் என்ன செய்வது? முதலில், இறங்காமலிருப்பது. இதைச் சொல்வதற்கு நமக்கே சங்கடமாக இருக்கிறது, சொல்லியே தீரவேண்டும். உரக்கக் கூவி ஆட்களைக் கூட்ட வேண்டும். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மூங்கிற்கழி, தென்னை மட்டை, ஓடக்கோல் எது கிடைக்கிறதோ அதை நீட்டவேண்டும். குளித்துறையில் வேஷ்டிக்கும் புடவைக்கும் பஞ்சமில்லை. இரண்டை முடிச்சிட்டால் நீளமான கயிறு. எட்டாவிட்டால் மிதக்கும் பொருளை வீசவேண்டும். மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கேன், பிளாஸ்டிக் குடம், லாரிச் சக்கரத்தின் காற்றடைத்த டியூப் ஆகிய யாவும் ஒரு மனிதனைச் சில நிமிஷம் தாங்கக்கூடியவை. கடலில் உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் சிக்கியவன் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைப்பதைவிட மிதந்து மூச்சைக் காத்துக்கொண்டு, இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகுவதே மேல். அந்நீரோட்டம் பொதுவாக அகலத்தில் குறுகியது.

கரை சேர்த்தபின் நம் ஊர்களில் நடப்பது வேறொரு விபரீதம். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுகிறார்கள். வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் புகையிலைப் புகையைத் துருத்தியால் ஆசனவாயில் ஊதி வந்தார்கள் என்பதை நோக்க, நாம் மட்டும் அறிவீனர் என்று வெட்கப்படவேண்டியதில்லை; அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் நமதை விடவில்லை என்பதே வித்தியாசம். வயிற்றை அமுக்கினால் உள்ளிருப்பது மேலேறி மூச்சுக்குழலை அடைக்கும். அருமையான நிமிஷங்களும் வீணாகும். காற்றின்றி நான்கைந்து நிமிஷங்கள் கழிந்தால் மூளை கெடத் தொடங்குகிறது. ஆகவே சுவாசமில்லாதவனை மல்லாத்தி, தலையைச் சற்றே பின் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதவேண்டும். பிறகு மார்பின் மத்தியில் 30 முறை அழுத்தி இரண்டு முறை ஊதுவதை ஆம்புலன்ஸ் வரும்வரையில் விடாது செய்யவேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மத்தியான்னத்தில் கற்பித்துவிடலாம்.

நீச்சலைப்பற்றியும் ஒரு வார்த்தை. கிணறும் ஏரியும் நிறைந்திருந்த காலத்தில் இது பள்ளிக்கூடம் தேவைப்படாத வித்தையாயிருந்தது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமனோ சிற்றப்பனோ கிணற்றில் தள்ளிவிட, ஒரு கோடைக்குள் பையன் நீந்திவிடுவான். கிணறுகள் வற்றின, ஆழ்துளைக் குழாய்கள் வந்தன, குடுக்கை போயிற்று. பெண்பிள்ளைகளுக்கோ அன்றும் பல ஊர்களில் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. கெடிலத்திலும் மாயனூரிலும் மாண்ட அனைவரும் பெண்களே என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஆறுகளும் குட்டைகளும் நிறைந்த வங்காளதேசத்தில் கிராமத்துக் குட்டையிலேயே மூங்கில் மேடை கட்டிச் சிறுவர் சிறுமியருக்கு நீச்சல் கற்பித்தார்கள். அவ்வாறு கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறத்தல் மிகவும் குறைந்துபோயிற்று என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். நம்மைவிடப் பணக்கார தேசமன்று அது.

இனி, சட்டம். 1921-ல் நியூயார்க்கு உயர் நியாயஸ்தலத்தில் ஒரு வழக்கு வந்தது. ரயிலிலிருந்து பாலத்தருகே விழுந்த உறவினனைத் தேடி இருட்டில் பாலத்தின்மேல் நடந்தவனும் விழுந்து காயமுற்றான். யார் போகச் சொன்னது என்று கம்பெனி வாதித்தது. ஆபத்திலிருப்பவனைக் காக்க மனிதன் ஓடிவருவது இயற்கையே. ஆகவே ஆபத்தை உண்டாக்கியவன் காக்க வந்தவனுக்கும் பொறுப்பாளி என்று ஜட்ஜ் கார்டோஸோ தீர்ப்பளித்தார். பின்னர் இங்கிலீஷ் கோர்ட்டும் இக்கொள்கையை ஏற்றது. நமது நதிகளில் மணல் அள்ளியோர் விட்டுச்சென்ற மடுக்களையும், வேலியின்றிக் கிடக்கும் கல்குவாரிக் குட்டைகளையும் நினைக்கும்போது, இத்தீர்ப்பு நமக்கு ஞாபகம் வராமலிருப்பதெங்ஙனம்? முழங்காலளவு நீர் என்று நம்பி அடியெடுத்து வைத்தவளின் சாவுக்கு விதியைக் குறை கூறுகிறோம். பள்ளத்துக்கு உரியவனுடைய பெயரை ஒருவரும் கேட்பதில்லை. மேலும், விபத்தில் அடிபட்டவனுக்கு உதவுவோனைப் போலீஸ் விசாரணையிலிருந்தும் வழக்கிலிருந்தும் காக்க 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வெகு நல்ல காரியம். ஆயினும் அப்பிரிவு மோட்டார் விபத்தோடு நின்றுவிடுகிறது. ஆற்றிலிருந்து இழுத்துப் போட்டவனுக்கு அதில் இடமில்லை. சட்டசபையிலுள்ள நமது நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.

ஐக்கிய நாடுகள் சபை 2021-ல் தீர்மானம் நிறைவேற்றி, ஜூலை 25-ந் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக அனுஷ்டிக்கும்படி உலகத்தைக் கேட்டுக்கொண்டது. அதற்குச் சில தினங்களுக்குள்ளாகவே நமக்கு ஆடிப் பெருக்கு வந்துவிடுகிறது. மேட்டூரிலிருந்து ஜலம் வந்தால் காவேரிப் படித்துறைகளில் பல்லாயிரம் பேர் கூடுவர். 'ஆழமான பகுதி, இறங்காதீர்' என்ற பலகைகள் அநேக துறைகளில் இருக்கின்றன. அந்தப் பலகை நட்ட கம்பத்திலேயே இருபத்தைந்து கஜக் கயிறு ஒன்றும், காற்றடைத்த டியூப் ஒன்றும் தொங்கவிடவேண்டும் என்பதே நமது யோசனை. திருட்டுப் போய்விடும் என்பார்கள். போனால் இன்னொன்று வாங்கி மாட்டுவது. நகரசபையோ பஞ்சாயத்தோ எது முதலில் இதைச் செய்கிறதோ அதன் பெயரை இதே பக்கத்தில் சந்தோஷத்துடன் வெளியிடுவோம்.