சுவிட்சுக்குள் காவல் – 11: எதுவானாலும் சரி

எந்தப் பாக்கெட்டை விடுவது, எதை மறுப்பது என்று சொல்லும் ஏசிஎல் பட்டியலில் முதலில் பொருந்தும் வரியோடு விசாரணை முடிகிறது. எதிலும் பொருந்தாத பாக்கெட் தானாகவே நிராகரிக்கப்படும். இது பழைய பாடம். பட்டியலை உள்வரும் திசையில் மாட்டுவதா, வெளிச்செல்லும் திசையில் மாட்டுவதா என்று இந்த வாரம் பேசுவதாக இருந்தேன். அதற்குள் டிகேம் என்னைப் பிடித்துக்கொண்டது.

48 போர்ட் ஜிகாபிட் சுவிட்ச் ஒன்றில் எல்லாப் போர்ட்டிலும் 64 பைட் பாக்கெட்டுகளே நிரம்பி வந்தால், நொடிக்கு 7 கோடிக்கும் மேல் பாக்கெட்டுகள். ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 14 நானோநொடி. அதற்குள் ஐந்நூறு வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்க முடியுமா? சுவிட்ச் அப்படிப் படிப்பதே இல்லை. டிகேம் என்ற நினைவகத்தில் எல்லா வரிகளும் ஒரே சமயத்தில் பாக்கெட்டோடு ஒப்பிடப்படுகின்றன. ‘இன்று யாருக்குப் பிறந்தநாள்?’ என்று ஆசிரியர் வகுப்பைப் பார்த்துக் கேட்டால் உரியவர்கள் கை தூக்குவார்களே, அந்த மாதிரி. பல கைகள் உயர்ந்தால் முன்வரிசைக்கே முதல் உரிமை. பட்டியல் 5 வரியோ 500 வரியோ, ஆகும் நேரம் ஒன்றுதான்.

சாதாரண நினைவகச் செல்லில் 0 அல்லது 1 இருக்கும். டிகேம் செல்லுக்கு மூன்றாவது நிலை ஒன்று உண்டு: எதுவானாலும் சரி. எஸ்ரேம் என்ற சாதாரண நினைவகத்தின் செல் ஒன்றுக்கு 6 டிரான்சிஸ்டர் போதும். வழக்கமான டிகேம் செல்லுக்கு 16 வேண்டும். ஒவ்வொரு தேடலிலும் எல்லா வரிகளும் விழித்துக்கொள்வதால் மின்சாரமும் அதிகம், சூடும் அதிகம். ஒரு பிட்டைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு இவ்வளவு செலவு!

அந்தச் செலவுக்கு என்ன பயன் என்பதற்கு 2003 ஜனவரி 25 சாட்சி. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரைத் தாக்கிய ஸ்லாமர் புழு அன்று கிளம்பியது. முழுப் புழுவும் 376 பைட். ஒரே யூடிபி பாக்கெட்டுக்குள் அடக்கம். தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டித்தது. தாக்கக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்தைப் பத்தே நிமிடத்தில் பிடித்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே வந்திருந்தும் பலர் அதைப் போடவில்லை. அன்று நெட்வொர்க் நிர்வாகிகளுக்குக் கைகொடுத்தது ஒரே வரி: எங்கிருந்து எங்கே போனாலும் சரி, யூடிபி 1434-க்கு வருவதை மறு.

அந்த வரியைச் சில்லுக்குள் வைத்துப் பாருங்கள். அனுப்புநர் முகவரி 32 பிட், பெறுநர் முகவரி 32, இருபக்கப் போர்ட் எண்கள் 16, 16, நெறிமுறை 8. மொத்தம் 104. அதில் நெறிமுறைக்கும் பெறுநர் போர்ட்டுக்குமான 24 பிட் மட்டுமே குறிப்பானவை. மீதி 80 பிட்டும் ‘எதுவானாலும் சரி’!

ஆனால் அந்த வரி குற்றமற்றவரையும் பிடித்தது. அன்றைய விண்டோஸ் கணினிகள் வெளியே பேசும்போது 1025-லிருந்து 5000 வரையிலான ஏதாவது ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும். அது 1434-ஆக அமைந்துவிட்டால், கேட்டு வாங்கிய டிஎன்எஸ் பதிலும் வாசலிலேயே விழும். ஏசிஎல் ஒவ்வொரு பாக்கெட்டையும் தனியாகப் பார்க்கிறது. கேள்வி உள்ளேயிருந்து போனது அதற்குத் தெரியாது.

டிகேம் திணறும் இடம் எண் வரம்பு. ‘1024 முதல் 65535 வரை’ என்று ஒரு வரி எழுதினால், இரட்டிப்பு இரட்டிப்பாகப் பிரிந்து சில்லுக்குள் 6 வரியாகும். ‘1 முதல் 65534 வரை’ என்றால் 30. அதையே இருபக்கப் போர்ட்டுக்கும் எழுதினால் 900! சில சுவிட்சுகளில் வரம்புகளுக்கென்று தனிச் சுற்றுகள் உண்டு. அவையும் விரைவில் தீர்ந்துவிடும். இடம் நிரம்பினால் சில சுவிட்சுகள் பட்டியலை ஏற்க மறுக்கும்; சில, பாக்கெட்டுகளைப் பொதுச் செயலியிடம் தள்ளிவிட்டுத் தவிக்கும். பட்டியலை மாட்டுவதற்கு முன் டிகேமில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தே ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பல சுவிட்சுகளில் வெளிச்செல்லும் திசைக்கு ஒதுக்கிய இடம் இன்னும் குறைவு. திசை விவகாரத்தை அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்குவோம்.