துவர்ப்பின் திறம்

அறுசுவையுள் இனிப்பை விரும்பாதார் இலர். கைப்பையும் துவர்ப்பையும் விரும்புவார் மிகச் சிலரே. ஆயினும், நோய் தீர்க்கும் மருந்துகளுட் பல இவ்விரு சுவையுடைய பொருள்களிலேயே அடங்கியுள்ளன. பகை நேர்ந்தால் ஓடித் தப்புவதற்கு மரத்திற்குக் கால்கள் இல்லை. ஆதலின், பூச்சியும் விலங்கும் தின்று அழிக்காவண்ணம், அது தன் பட்டையிலும் காயிலும் விதையிலும் நாவிற்கு ஒவ்வாத பொருள்களைச் சேர்த்து வைக்கின்றது. கொக்கோ விதையிலுள்ள தியோபுரோமினும், சிங்கோனாப் பட்டையிலுள்ள குயினைனும் கைப்புப் பொருள்கள். முன்னது இதயத்தைச் சிறிது ஊக்கும். பின்னது மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும். துவர்ப்புப் பொருள்களுள் தலையாயது டானின் என்பதாகும்.

டானினின் திறத்தை நன்கு அறிந்தவர்கள் பாலாற்றங்கரையிலுள்ள வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் தொழிலாளர்கள். வறண்ட நிலங்களில் மஞ்சட் பூவுடன் தானே வளர்வது ஆவாரை. அதன் பட்டையை ஊறவைத்த நீரில், சுண்ணாம்பிலிட்டு மயிர் நீக்கிய தோலைப் பல நாள் ஊறவைப்பது பழைய முறை. பின்னர்க் கடுக்காய் நீரிலும் தோய்ப்பர். வெயில் பட்டால் ஆவாரையால் பதனிட்ட தோல் சிவந்துவிடும். கடுக்காய் அதனைக் குறைத்து நிறத்தைக் காக்கும்.

தோல் அழுகாமல் நிற்பது எவ்வாறு? தோல், கொலாஜன் என்னும் புரத நார்களால் ஆனது. ஈரத்தோலிலுள்ள புரதத்தை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைத்துவிடும். டானினோ அந்நார்களைப் பற்றிப் பிணைத்து இறுக்குகின்றது. பிணைந்த புரதத்தை நுண்ணுயிர்களால் எளிதில் உண்ண இயலாது. வாழைக்கச்சலைக் கடித்தால் வாய் வறண்டு நா இழுப்பதும் இதனாலேயே. உமிழ்நீரிலுள்ள வழவழப்பான புரதங்களை டானின் பிணைத்துவிடுகின்றது. பதனிடும் தொட்டியில் நிகழ்வதே சிறிய அளவில் வாயிலும் நிகழ்கின்றது எனலாம்.

மருத்துவப் பயனும் இப்பண்பிலிருந்தே தோன்றுவது. கடுக்காய்க் கஷாயத்தால் வாய் கொப்புளித்தால் ஈறு இறுகும். வாய்ப்புண்ணின் எரிச்சல் தணியும். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்ததே திரிபலை. கடுக்காயின் கொட்டையை நீக்கித் தோலையே கொள்ளவேண்டும் என்பது சித்த மருத்துவர் வகுத்த நெறி.

எனினும், அளவு கடந்தால் மருந்தும் தீங்காகும். 1925 ஆம் ஆண்டு முதல் மேலை நாட்டு மருத்துவர்கள் தீப்புண்ணின்மீது டானிக் அமிலத்தைப் பூசி வந்தனர். அது புண்ணின்மேல் ஓர் உறை போலப் படிந்தது. ஆனால் பெரும் புண்களின் வழியே உடலினுட் புகுந்து கல்லீரலைக் கெடுக்கக் கண்டு, 1940களில் அம்முறையைக் கைவிட்டனர். உணவோடு தேநீர் அருந்துவார்க்கு, தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கும். இரத்தசோகை உடையார் உணவுக்கும் தேநீருக்கும் இடையே சிறிது காலம் விடுதல் நன்று.

இருபதாம் நூற்றாண்டில் குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவியது. பல நாள் செய்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. தோலும் மென்மை பெற்றது. ஆம்பூர்க் காலணிகள் கடல் கடந்து சென்றன. ஆனால் தூய்மை செய்யாது விட்ட கழிவுநீரால் பாலாற்றுப் படுகையின் கிணறுகளும் வயல்களும் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதன் இழப்பை ஈடுசெய்யவேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது.

பட்டைநீரும் குற்றமற்றதன்று. அதனையும் தூய்மை செய்யாது ஆற்றில் விட்டால், நீர் கருகி, உயிர்வளி குன்றும். ஆகவே, குற்றம் பொருளிடத்து மட்டும் இல்லை. அதனை ஆளும் முறையிலும் அளவிலும் உள்ளது. ஒரே துவர்ப்பு தோலைக் காக்கின்றது, ஈற்றை இறுக்குகின்றது, மிகுந்தவிடத்துக் கேடும் விளைக்கின்றது. தொட்டியிலிட்ட தோலைக் காத்த அறிவு, தொட்டியை விட்டு வெளியேறும் நீரையும் காத்தல் வேண்டும். அப்பொழுதே தொழிலும் வாழும், பாலாறும் வாழும்.